எனக்கு எப்படித் தெரியும்?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் பங்கீடு இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைப் பற்றி "எனக்குத் தெரியும்" என்று சொல்கிறோமே, அப்படிச் சொல்ல நமக்கு எப்போது உரிமை வருகிறது? அறிவு எந்த வழியாக நமக்குள் வருகிறது? வந்தது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

இது தத்துவப் பாடம் ஆயிற்றே, நமக்கு எதற்கு என்று பின்வரிசைப் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நம் வீட்டு அடுப்படியிலும் தெருமுனை டீக்கடையிலும் தினமும் நடக்கிற காரியம்தான் இது. "அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்ட ஒரு கேள்வியில் நிச்சயித்த நிக்காஹ் நின்றுபோகிறது. "அந்த ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது, தெரியுமா?" என்ற ஒரு பேச்சில் ஒரு தெருவே தடுப்பூசியை விட்டுவிடுகிறது. "அவர்களுக்கு உதவி தேவையே இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும்" என்ற ஒரு சொல்லில் ஏழை வீட்டு மனு ஓரமாகப் போய்விடுகிறது. "தெரியும்" என்பது சின்னச் சொல். அதன் எடையை மட்டும் எப்போதும் வேறு யாராவது சுமக்கிறார்கள்.

நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழமொழி ஒன்று இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நல்ல பழமொழி. அவசரப்படாதே என்று புத்தி சொல்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணும் பொய், காதும் பொய் என்றால், தீர விசாரிப்பது எதை வைத்து? நேரில் போய்ப் பார்ப்பது கண்ணால்தான். நாலு பேரிடம் கேட்பது காதால்தான். இரண்டையும் பொய் என்று தள்ளிவிட்டால் விசாரணைக்கும் வழியில்லை.

நம் முன்னோர்களான உலமாக்கள் இந்த இடத்தில் மிக நிதானமாக நின்றார்கள். எல்லாவற்றையும் நம்பாதே, அதற்காக எல்லாவற்றையும் சந்தேகப்படவும் செய்யாதே, ஒவ்வொரு வழிக்கும் என்ன தகுதியோ அதைக் கொடு என்றார்கள். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

மூன்று வாசல்கள்

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு 'அகாயித் நஸஃபி' நினைவிருக்கும். இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள நஸஃப் நகரில் பிறந்த இமாம் உமர் நஸஃபி (ரஹ்) எழுதியது. அவர்கள் ஹிஜ்ரி 537இல், அதாவது கி.பி. 1142இல் மறைந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் இமாம் தஃப்தாஸானி (ரஹ்) அதற்கு எழுதிய விரிவுரை இன்றும் மத்ரஸாக்களில் பாடநூல். அது கொள்கை நூல்; ஈமானைப் பற்றிப் பேசுவது. அப்படிப்பட்ட நூல் எடுத்த எடுப்பிலேயே எதைப் பேசுகிறது தெரியுமா? பொருள்கள் உண்மையாக இருக்கின்றன, அவற்றை மனிதன் அறிய முடியும் என்று தொடங்குகிறது. அடுத்தபடியாக, அறிவு வருகிற வழிகள் மூன்று என்று எண்ணிச் சொல்கிறது. பழுதில்லாத புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு.

ஈமானைப் பேசுவதற்கு முன்னால் அறிவைப் பேசியிருக்கிறார்கள். அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பவில்லை. நம் தமிழ் நூல்களிலும் இதற்கு நெருக்கமான பிரிவு உண்டு. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைத் தமிழில் தத்துவம் எழுதியவர்கள் சொன்னார்கள். உண்மையைத் தேடி உட்கார்ந்தவர்கள், மொழி வேறானாலும் மார்க்கம் வேறானாலும், இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை.

இமாம் நஸஃபி (ரஹ்) இன்னொன்றும் சொன்னார்கள். ஒருவருடைய உள்ளத்தில் தோன்றும் உதிப்பு, அதாவது இல்ஹாம், ஒரு விஷயம் சரி என்று அறிந்துகொள்வதற்கான பொது வழி ஆகாது என்றார்கள். "எனக்கு மனசுல பட்டது", "நான் கனவில் கண்டேன்" என்பதை வைத்து இன்னொருவர் மீது தீர்ப்புச் சொல்ல முடியாது. பொருள் திருட்டுப் போனால் மை போட்டுப் பார்க்கப் போகிறவர்களும், மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று சொல்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வாசல்: புலன்கள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்தவர்கள். முப்பத்து மூன்று வயதில் பக்தாத் நிஜாமிய்யா கலாசாலையில் தலைமை ஆசிரியராக அமர்த்தப்பட்டார்கள். தங்கள் அறிவுப் பயணத்தை 'அல்முன்கித்' என்ற சிறு நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஓரிடத்தில் தங்கள் கண்ணையே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள். நிழலைப் பார்த்தால் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசு அளவுதான் என்று கண் சொல்கிறது. அது பூமியைவிடப் பெரியது என்று கணித ஆதாரம் சொல்கிறது. கண் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைத் திருத்த இன்னொரு நீதிபதி தேவைப்படுகிறார் என்று கண்டார்கள்.

கஸ்ஸாலி இமாமுக்கு முன்பே வாழ்ந்தவர் இப்னு ஹைஸம். பஸராவில் கி.பி. 965 வாக்கில் பிறந்து, கெய்ரோவில் 1040 வாக்கில் மறைந்தார். 2015ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது உலகமே இவரை நினைவுகூர்ந்தது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிட், டாலமி போன்ற கிரேக்க மேதைகள் சொல்லி வைத்திருந்தார்கள். இப்னு ஹைஸம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவினார். கடுமையான வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருவதால்தானே வலிக்கிறது என்று கேட்டார். பெரிய பெயர்களைக் கண்டு பயப்படவில்லை. இருட்டறையில் விளக்குகளை வைத்துச் சோதித்தார்.

அவர் இன்னொன்றையும் கண்டு சொன்னார். நமக்கு மிகவும் தேவையானது அதுதான். கண்ணுக்குள் வருவது ஒளியும் நிறமும் மட்டுமே. இது இன்னது, இவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இன்னாருடையது என்பதையெல்லாம் மனம் தன் பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறது. அது நடக்கும் வேகத்தில், தீர்மானித்ததையும் "பார்த்தேன்" என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நம் அறக்கட்டளையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு சகோதரி உதவி கேட்டு மனுப் போட்டிருந்தார். ஒருவர் என்னிடம் வந்து, "அந்த வீட்டு வாசலில் புது ஸ்கூட்டர் நிற்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன். வசதியான வீடுதான்" என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. வழக்கம்போல நம் குழுவில் இருவர் நேரில் போனார்கள். ஸ்கூட்டர் நின்றது உண்மை. அது அந்தச் சகோதரியின் தம்பியுடையது. வாரத்தில் இரண்டு நாள் அக்காவின் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வருகிறார். கண் பார்த்தது ஸ்கூட்டரை. "வசதியான வீடு" என்பது கண் பார்த்தது அல்ல, மனம் எழுதிச் சேர்த்தது. கண் சொன்னதில் பிழையில்லை. சேர்த்து எழுதியதில்தான் பிழை.

ஆகவே, "என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்ல வரும்போது ஒரு நொடி நிறுத்திப் பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தது எதுவரை? நான் நினைத்துக்கொண்டது எங்கிருந்து?

இரண்டாம் வாசல்: செய்தி

நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி நாமே பார்த்து அறிந்ததல்ல. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இன்னும் மக்காவைக் கண்டதில்லை. அல்லாஹ் அந்தப் பாக்கியத்தைத் தருவானாக. ஆனால் மக்கா என்று ஓர் ஊர் இருப்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. நம் பாட்டனாருக்குப் பாட்டனார் இருந்தார் என்பதிலும் சந்தேகமில்லை. பொய்யில் ஒன்றுகூட வாய்ப்பே இல்லாத அளவுக்குப் பெருந்தொகையானவர்கள் சொல்லி வரும் செய்திக்கு முதவாதிர் என்று பெயர். அது உறுதியான அறிவைத் தரும் என்றார்கள் உலமாக்கள். பிறர் சொல்லும் செய்தியை அறவே நம்பமாட்டேன் என்பவருக்குத் தன் பிறந்த தேதிகூடத் தெரியாது.

ஒருவர் இருவர் சொல்லும் செய்திக்கு என்ன செய்வது? இங்கேதான் ஹதீஸ் கலை வல்லுநர்கள் உலகத்துக்கே முன்மாதிரி. ஒரு செய்தி வந்தால் அதன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டார்கள். நீர் யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்? அவர் பிறந்தது எப்போது, மறைந்தது எப்போது? இருவரும் சந்தித்திருக்க முடியுமா? இதற்காகவே ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தார்கள்.

அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒன்று அதாலத், நேர்மை. மற்றது ளப்த், கேட்டதைப் பிசகாமல் மனதிலோ ஏட்டிலோ காத்து வைக்கும் திறன். தொழுகையாளி, நல்லவர், பொய்யே சொல்லமாட்டார். ஆனால் ஞாபகம் போதாது என்றால் அவருடைய அறிவிப்பைப் பலவீனம் என்று ஒதுக்கினார்கள். அவரை அவமதிக்கவில்லை. அவரிடம் துஆ கேட்டிருப்பார்கள். செய்தியை மட்டும் எடுக்கவில்லை. நம்மில் எத்தனை பேர், "ஹாஜியாரே அனுப்பியிருக்கிறார், தப்பாக இருக்குமா?" என்று கேட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம்! ஹாஜியார் நல்லவர்தான். அவருக்கு யார் அனுப்பினார்கள்? அவருக்கு முன்னால் உள்ளவர் யார்? வரிசை அறுந்துபோன செய்தியை எந்த முஹத்திஸும் தொட்டிருக்கமாட்டார். காதில் விழுவதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தங்கள் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்தார்கள். பொய்யைக் கட்டியவர் மட்டும் பொய்யர் அல்ல. சோதிக்காமல் சுமந்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை போட வேண்டும் என்று ஏற்பாடு. உடனே வாட்ஸ்அப்பில் வதந்திகள் கிளம்பின. பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாமின் கால அளவை அரசு நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை நிமோனியாவிலும் மூளைக்காய்ச்சலிலும் கொண்டுபோய் விடக்கூடிய நோய். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இவற்றை ஒரு பக்கம் வைத்து, பெயரில்லாத ஒரு குரல்பதிவை மறுபக்கம் வைத்தபோது, சில வீடுகளில் குரல்பதிவே கனமாகத் தெரிந்தது. அதில் பேசியவர் யார் என்று கேட்டிருந்தால் போதும்.

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் மீது வீண்பழி சுமத்தப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். காணாமற்போன கழுத்துமாலையைத் தேடப் போனார்கள். படை அவர்களை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு நபித்தோழர் தம் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார். மக்கள் பார்த்தது அவ்வளவுதான். மதீனா ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பேச்சில் தவித்தது. அதன் பிறகு இறங்கிய அந்நூர் அத்தியாய வசனங்கள் பழியைக் கட்டியவர்களை மட்டும் கண்டிக்கவில்லை. கேட்டவுடன் இது அவதூறு என்று ஏன் சொல்லவில்லை, அறிவில்லாததை ஏன் நாவால் எடுத்துப் பரப்பினீர்கள், அதை ஏன் அற்பமாக எண்ணினீர்கள் என்று கேட்டவர்களையும் கண்டித்தன. நம் தெருவில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழும்போது இந்த வசனங்கள் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன.

மூன்றாம் வாசல்: பகுத்தறிவு

தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குப் போகும் வழியே பகுத்தறிவு. மத்ரஸாவில் மன்திக் என்று ஒரு பாடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்ஹரீ (ரஹ்) எழுதிய 'ஈஸாகூஜி' என்ற சிறு நூலில் தொடங்குவோம். உலகம் மாறிக்கொண்டிருக்கிறது, மாறுவதெல்லாம் தோற்றுவிக்கப்பட்டது, ஆகவே உலகம் தோற்றுவிக்கப்பட்டது. இதுதான் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிற உதாரணம். முதல் கூற்று சுக்ரா, இரண்டாவது குப்ரா, மூன்றாவது நதீஜா, முடிவு. இரண்டு கூற்றும் உண்மையாக இருந்து, சரியாகப் பொருந்தினால் முடிவை மறுக்க முடியாது. ஒன்று பழுதானாலும் முடிவுக்கு உத்தரவாதம் இல்லை.

ஃபிக்ஹில் இதே பகுத்தறிவு கியாஸ் என்ற பெயரில் வேலை செய்கிறது. மது ஹராம். காரணம் என்ன? போதை. புதிதாக ஒரு மாத்திரை வருகிறது, அதிலும் போதை இருக்கிறது. அது மது அல்லவே என்று தப்பிக்க முடியாது. காரணம் ஒன்றானால் சட்டமும் ஒன்று. அறிவைப் பயன்படுத்துவது மார்க்கத்துக்கு எதிரானது என்று எவராவது சொன்னால், இமாம்களின் உழைப்பு அவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

பகுத்தறிவு பழுதானால் என்ன நடக்கும்? 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு கிராமத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் அங்கே நின்றது. அதில் இருந்த ஒரு மூதாட்டி அங்கே விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

மூன்று வாசலும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன. அவர் சாக்லேட் கொடுத்ததைக் கண் பார்த்தது, அது உண்மை. கடத்தல் கும்பல் என்ற செய்தி காதுக்கு வந்தது; அதற்கு வரிசையும் இல்லை, சாட்சியும் இல்லை. மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டது. இவர் அறியாத பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறார். இனிப்புக் கொடுப்பவர் எல்லாரும் கடத்துபவர். ஆகவே இவர் கடத்துபவர். அந்த நடுக்கூற்றை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதன் அபத்தம் அப்போதே தெரிந்திருக்கும். பெருநாள் அன்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பும் காசும் கொடுக்கிற நம் வீட்டுப் பாட்டிமார்களை என்னவென்று சொல்வது? மன்திக் படிப்பதன் பயன் இதுதான். மனசுக்குள் ஒளிந்திருக்கிற கூற்றை வெளியே இழுத்து வெளிச்சத்தில் வைக்கச் சொல்கிறது. அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் அப்படி நிறுத்திக் கேட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கலாம்.

உறுதிக்கும் படிகள் உண்டு

சரி, எல்லாவற்றையும் நூறு சதவீதம் உறுதி செய்துகொண்டுதான் எதையும் செய்ய வேண்டுமா? அப்படியானால் சோறுகூட உண்ண முடியாது. இங்கேயும் உலமாக்கள் அழகான அளவுகோல் தந்தார்கள். உறுதியாகத் தெரிந்தது யகீன். ஒரு பக்கம் கனமாகத் தெரிந்தாலும் மறுபக்கத்துக்கும் இடமிருந்தால், அந்தக் கனமான பக்கம் ளன்னு. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஷக்கு. இலேசான பக்கத்துக்குப் பெயர் வஹ்மு.

தாய்மார்களுக்கு இது புதிதல்ல. உளூ செய்தது உறுதியாக நினைவிருக்கிறது. முறிந்ததா என்பதில் சந்தேகம். உளூ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஒரு மனிதரின் மானம் நம் உளூவைவிடக் குறைந்ததா? பல வருடம் நேர்மையாக வாழ்ந்ததை நாம் அறிந்த ஒருவரை, ஒரு மாலைப் பேச்சின் சந்தேகத்தை வைத்து எப்படித் தள்ளிவிட முடியும்?

அன்றாடக் காரியங்கள் பல ளன்னின் மேல்தான் நடக்கின்றன. டாக்டர் மருந்து எழுதுவதும், கிப்லா தெரியாத ஊரில் முயன்று திசை பார்த்துத் தொழுவதும், ஜகாத் மனுவை விசாரித்து நாங்கள் முடிவெடுப்பதும் அப்படித்தான். அதில் தவறில்லை. ளன்னை யகீன் என்று சொல்லிக்கொள்வதும், வஹ்மை யகீன் போல் பரப்புவதும்தான் தவறு. "எனக்குத் தெரியும்", "நான் நினைக்கிறேன்", "கேள்விப்பட்டேன்", "எனக்குத் தெரியாது" என்று நான்கு வாசகங்கள் தமிழில் இருக்கின்றன. எதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே அதைச் சொன்னாலே நம் மஹல்லாவின் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும்.

மனம் எனும் காவலாளி

மூன்று வாசலுக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிற காவலாளி மனம். அவருக்கு விருப்பும் வெறுப்பும் உண்டு. பிடித்தவரைப் பற்றி நல்ல செய்தி வந்தால் கதவை அகலத் திறக்கிறார். பிடிக்காதவரைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தாலும் அப்படியே திறக்கிறார். டாலமியின் நூல்கள் மீது சந்தேகங்களை எழுப்பி ஒரு நூலே எழுதிய இப்னு ஹைஸம், உண்மையைத் தேடுகிறவர் முன்னோர் எழுதியதை ஆராய்வதோடு நின்றுவிடாமல், ஆராயும்போது தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்றார். பிறரைச் சந்தேகிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தன்னைச் சந்தேகிப்பதுதான் கல்வி.

ஆயிஷா நாயகி அவர்களின் அதே வரலாற்றில் இதற்கு ஒப்பற்ற உதாரணம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் இன்னொரு மனைவியான ஸைனப் (ரலி) அவர்களிடம் ஆயிஷாவைப் பற்றிக் கேட்டார்கள். இருவரும் சக்களத்திகள். நபியின் அன்பில் ஆயிஷாவுக்கு ஈடாகப் போட்டியிட்டவர் ஸைனப். அவருடைய சகோதரியே வதந்தியில் சிக்கியிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும் என்ற நிலை. அவர் சொன்னது என்ன? என் காதையும் கண்ணையும் நான் பேணிக்கொள்கிறேன், அவரைப் பற்றி நன்மையைத் தவிர வேறெதையும் நான் அறியவில்லை என்ற கருத்தில் பதில் தந்தார். கண்ணுக்கும் காதுக்கும் மனதுக்கும் ஒரே நேரத்தில் காவல் போட்ட சொல் அது. பல்கலைக்கழகத்தில் அறிவுக் கோட்பாடு படித்தவர்களும் அந்த அம்மையாரிடம் பாடம் கேட்கலாம்.

பிள்ளைகளின் கேள்விகள்

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரிக்குப் போகிற பிள்ளை வந்து, "அத்தா, அல்லாஹ் இருக்கிறான் என்று நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் நம்மில் பலர் பதறிவிடுகிறோம். "இதெல்லாம் கேட்கக் கூடாது" என்று அதட்டுகிறோம். பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். யோசிப்பதை நிறுத்தாது. நம்மிடம் கேட்காததை முகம் தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்கும்.

கஸ்ஸாலி இமாமைப் பாருங்கள். கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவராக, யூதப் பிள்ளை யூதராக, முஸ்லிம் பிள்ளை முஸ்லிமாக வளர்வதைக் கண்டு, பழக்கத்தால் வந்தது எது, அறிந்து ஏற்றது எது என்று வாலிபத்திலேயே கேட்டவர்கள். புலன்களைச் சந்தேகித்த பின் புத்தியையும் சந்தேகித்தார்கள். கனவில் கண்டதெல்லாம் உண்மை என்று கனவு முடியும்வரை நம்புகிறோமே, இந்த விழிப்பும் அப்படி இருந்தால் என்ன என்று தவித்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் அந்த நோய் இருந்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் காட்டி மருந்து கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் எந்த ஆதாரமும் சில அடிப்படை உண்மைகளின் மேல்தான் நிற்க வேண்டும். அந்த அடிப்படைகளையே சந்தேகித்தால் ஆதாரம் நிற்க இடமில்லை. அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஓர் ஒளியால் புத்தியின் மேல் நம்பிக்கை திரும்பியது என்கிறார்கள். நான் தொடக்கத்தில் பழமொழியை வைத்துக் கேட்ட கேள்விக்கு அவர்கள் வாழ்ந்தே பதில் கண்டார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவருக்குத்தான் இந்தச் சமுதாயம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், இஸ்லாத்தின் ஆதாரம் என்று பட்டம் கொடுத்தது.

அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவமும் உண்டு. படிப்பை முடித்து ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மூட்டையைப் பறித்தார்கள். அதில் பாடக் குறிப்புகள் மட்டுமாவது திருப்பித் தாருங்கள், என் கல்வியெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார்கள். கொள்ளைத் தலைவன் சிரித்து, பையைப் பறித்தால் போய்விடுகிற கல்வியை எப்படிக் கற்றேன் என்கிறாய் என்று கேட்டானாம். குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தும்விட்டான். இமாம் மூன்று வருடம் உட்கார்ந்து அனைத்தையும் மனதில் ஏற்றினார்கள். கையில் போன் இருக்கும்வரை எல்லாம் தெரியும் என்று நினைக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நமக்கும் சொல்லிக்கொள்வோம்.

பிள்ளை கேட்டால் உட்கார வைத்துப் பேசுங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியலை, வா, ஹஜ்ரத்திடம் சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்லுங்கள். மார்க்கத்தின் பெரிய இமாம்களே பல மஸ்அலாக்களில் தெரியாது என்று சொன்னவர்கள்தான். அந்தச் சொல்லால் அத்தாவின் மரியாதை குறைந்துவிடாது.

அன்பானவர்களே, இன்று வீட்டுக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துப் போங்கள். ஒரு செய்தி வந்ததும், யாரைப் பற்றியாவது வாய் திறக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் உண்மையில் கண்டது எதுவரை? இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்? இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு நிற்குமா, அல்லது என் விருப்பம் அதை இழுத்து நிறுத்துகிறதா? பதில் கிடைக்கவில்லையென்றால் பேசாமல் இருந்துவிடுங்கள். பேசாத சொல்லுக்காக மறுமையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது.

அறிவில்லாததைப் பின்தொடராதே, கேள்வியும் பார்வையும் உள்ளமும் நாளை விசாரிக்கப்படும் என்ற கருத்தில் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். காது, கண், உள்ளம். இன்று நாம் பேசிய மூன்று வாசல்களும் அந்த எச்சரிக்கைக்குள் இருக்கின்றன.

என் அறிவை அதிகமாக்கு என்று கேட்கும்படி தன் நபிக்குக் கற்றுத் தந்த ரப்பு, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் நாவிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.